களிமண் நிலத்தில் செயற்கைப் புல் விளையாட்டுத் தளம்

வீட்டுக் கொல்லையிலோ வீட்டை ஒட்டிய காலி மனையிலோ நெகிழி இழைகளாலான புல் விரிப்பைப் பரப்பி அமைக்கப்படும் சிறிய ஆடுகளம் செயற்கைப் புல் விளையாட்டுத் தளம் எனப்படும். பேச்சுவழக்கில் இதை 'டர்ஃப்' என்பர். கிரிக்கெட் வலைப்பயிற்சி, சிறு கால்பந்து, டென்னிஸ், பேடல் முதலிய விளையாட்டுகளுக்கு இத்தளங்கள் அமைக்கப்படுகின்றன. செம்மண், சரளை நிலங்களில் இப்பணி ஓரளவு எளிது. களிமண் நிலத்தில், குறிப்பாகத் தமிழ்நாட்டின் கரிசல் மண்ணில், இது கவனம் கோரும் பணியாகும். மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் மண், மேலே போடப்பட்ட தளத்தையும் தன்னோடு சேர்த்து ஏற்றி இறக்குகிறது.

தளத்திற்காகச் செலவிடப்படும் பணத்தில் கண்ணுக்குத் தெரிவது புல் விரிப்பு மட்டுமே. ஆனால் களிமண்ணில் தளத்தின் ஆயுளை முடிவு செய்வது விரிப்பின் கீழுள்ள அடுக்குகளும், மழைநீர் வெளியேறும் வழியுமே ஆகும். களிமண்ணின் ஈரம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாமல் பார்த்துக்கொள்வதே இப்பணியின் அடிப்படை நோக்கம். கீழே கூறப்படும் ஒவ்வொரு படியும் இந்த நோக்கத்தை ஒட்டியதே.

தோற்றம்

செயற்கைப் புல் 1960-களில் அமெரிக்காவில் உருவானது. 1964-இல் ரோட் ஐலண்டு மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரிலுள்ள மோசஸ் பிரவுன் பள்ளியில் இது விரிக்கப்பட்டது. அப்போது இதன் பெயர் 'கெம்கிராஸ்'. டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் 1965-இல் திறக்கப்பட்ட ஆஸ்ட்ரோடோம் அரங்கிற்கு ஒளி புகும் கூரை இருந்தது. அதன் கூச்சம் ஆட்டக்காரர்களின் கண்ணை மறைத்ததால் கூரைக்கு வண்ணம் பூசினர். வெளிச்சம் குறைந்து இயற்கைப் புல் பட்டுப்போனது. 1966-இல் மான்சாண்டோ நிறுவனத்தின் செயற்கைப் புல் அங்கு விரிக்கப்பட்டது. அரங்கின் பெயரை ஒட்டி அது 'ஆஸ்ட்ரோடர்ஃப்' என்று அழைக்கப்படலாயிற்று.

1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தளத்தில் ஆடப்பட்டது. அதில் இந்திய அணி 7-ஆம் இடத்தையே பெற்றது. அதன்பின் இந்தியாவிலும் இத்தகைய தளங்களின் தேவை உணரப்பட்டது. ஹாக்கிக்குப் பெயர்பெற்ற, கரிசல் பகுதியிலுள்ள கோவில்பட்டியிலும் செயற்கைத் தள மைதானம் உள்ளது. அரங்குகளில் தொடங்கிய இப்பழக்கம் பின்னர் வாடகைத் தளங்களுக்கும், அங்கிருந்து வீட்டு மனைகளுக்கும் பரவியது.

களிமண்ணின் இயல்பு

0.002 மி.மீ.-க்கும் சிறிய துகள்களே களி எனப்படுகின்றன. எல்லாக் களியும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. கயோலினைட் என்னும் கனிமம் மிகுந்த களி நீரில் அதிகம் உப்புவதில்லை. கரிசலில் மிகுந்துள்ள மான்ட்மோரில்லோனைட் வகைக் கனிமமோ ஒரு புத்தகத்தின் தாள்களைப் போல மெல்லிய ஏடுகளாக அடுக்கப்பட்டது. இந்த ஏடுகளுக்கு இடையே நீர் புகும்போது அவை விலகுகின்றன, மண்ணின் பருமன் கூடுகிறது. நீர் வற்றும்போது ஏடுகள் நெருங்குகின்றன, மண் சுருங்கி வெடிக்கிறது.

தூத்துக்குடி, விருதுநகர், திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், கோயம்புத்தூர் மாவட்டங்களின் பல பகுதிகளில் கரிசல் மண் உள்ளது. கோடையில் அங்கு கை நுழையும் அளவுக்கு நிலம் பாளம் பாளமாக வெடிப்பதைக் காணலாம். மேல்மண் அந்த வெடிப்புகளில் விழுந்து, மழைக்குப்பின் மண் தானே புரண்டு கலக்கும். உழவருக்கு இது நன்மை, கட்டடம் கட்டுவோருக்கு இடர். டெக்சாஸ் மாநிலத்தின் 'பிளாக்லேண்ட்' பகுதியிலும் இதே இயல்புள்ள கருமண் இருப்பதால், கொல்லை ஆடுகளங்கள் மிகுந்த அந்நாட்டிலும் இச்சிக்கல் நன்கு அறியப்பட்டதாகும்.

களிமண்ணின் இரண்டாவது இயல்பு, அது நீரை மெதுவாக உறிஞ்சுவது. மணல் நிலம் மணிக்கு 30 மி.மீ.-க்கு மேல் நீரை உள்ளிழுக்கும். களிமண் 1 முதல் 5 மி.மீ. வரையே உள்ளிழுக்கும். வெடித்துக் கிடக்கும் கரிசல், முதல் மழையை வெடிப்புகளின் வழியே வேகமாகக் குடிக்கும். பின்னர் உப்பி, வெடிப்புகள் மூடிக்கொண்டதும் ஏறத்தாழ நீர் புகாத் தரையாகிவிடும்.

தளம் பழுதாகும் விதம்

பெரும்பாலான வீட்டுத் தளங்கள் நடுவில் பழுதாவதில்லை, ஓரத்தில்தான் பழுதாகின்றன. தளத்தால் மூடப்பட்ட நடுப்பகுதியில் ஈரம் ஓரளவு ஒரே நிலையில் இருக்கும். ஓரத்து மண்ணோ மழைக்காலத்தில் நனைந்து எழும்பும், கோடையில் காய்ந்து தாழும். இரண்டு மூன்று பருவங்களுக்குப் பின் தளத்தின் விளிம்பு அலை அலையாகும். விரிப்பின் இணைப்புகள் பிரியும். பந்து எதிர்பாராத திசையில் எகிறும். ஓடுபவரின் கணுக்கால் மடங்கவும் இது காரணமாகும்.

இரண்டாவது வகைப் பழுது 'தொட்டி விளைவு' ஆகும். களிமண்ணில் 30 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, ஜல்லி நிரப்பி, மேலே நீர் வடியும் விரிப்பைப் போட்டால் மழைநீர் விரிப்பின் துளைகள் வழியே இறங்கிவிடும். பார்வைக்குத் தளம் உலர்ந்திருக்கும். ஆனால் இறங்கிய நீர் களிமண் தொட்டிக்குள் தேங்கி, அடியிலுள்ள மண்ணை நாட்கணக்கில் ஊறவைக்கும். ஊறிய மண் இளகி ஜல்லிக்குள் ஏறும். ஜல்லி கீழே புதையும். ஆங்காங்கே பள்ளம் விழும்.

குழியில் ஆற்று மணலை நிரப்பினால் போதும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. மணல் உப்பாது என்பது உண்மையே. ஆனால் அது நீரைத் தாராளமாகக் கீழே விடும். ஆகவே வடிகால் இல்லாத மணல் நிரப்பு, ஜல்லி நிரப்பைப் போலவே தொட்டி விளைவை உண்டாக்கும்.

மண்ணைச் சோதித்தல்

வேலை தொடங்குமுன் மண்ணை அறிவது அவசியம். வீட்டிலேயே செய்யத்தக்க எளிய சோதனைகள் சில உள்ளன.

நாடாச் சோதனை: ஈர மண்ணை உருட்டி, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே அழுத்தி நாடா போல நீட்ட வேண்டும். 5 செ.மீ.-க்கு மேல் அறுந்துவிழாமல் நீண்டால் அது களி மிகுந்த மண்.

குழிச் சோதனை: 30 செ.மீ. ஆழக் குழியில் நீர் நிரப்பி முதல்நாள் ஊறவிட வேண்டும். மறுநாள் மீண்டும் நிரப்பி, மணிக்கு எவ்வளவு நீர் இறங்குகிறது என்று அளவுகோலால் பார்க்க வேண்டும். அரை நாள் கழிந்தும் நீர் பெரிதும் குறையவில்லை எனில், அந்த நிலத்தில் நீர் தானாக இறங்கிவிடும் என்று நம்பித் தளம் அமைக்கக் கூடாது.

உப்புதல் சோதனை: இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 2720, பகுதி 40-இல் இது விளக்கப்பட்டுள்ளது. உலர்த்திச் சலித்த மண்ணில் 10 கிராம் வீதம் இரண்டு அளவு உருளைகளில் இட்டு, ஒன்றில் மண்ணெண்ணெயும் மற்றொன்றில் காய்ச்சி வடித்த நீரும் ஊற்ற வேண்டும். மண்ணெண்ணெயில் களி உப்பாது, நீரில் உப்பும். 24 மணி நேரத்துக்குப் பின் இரண்டின் பருமனையும் ஒப்பிட வேண்டும். மண்ணெண்ணெயில் 10 மி.லி., நீரில் 17 மி.லி. எனில் உப்புதல் குறியீடு 70 விழுக்காடு ஆகும். இந்தியச் சாலைப் பணிகளுக்கான விதிமுறைகளின்படி, இக்குறியீடு 50 விழுக்காட்டைத் தாண்டும் மண்ணை நிரப்பு மண்ணாகப் பயன்படுத்தக் கூடாது. வீட்டுத் தளத்துக்கும் இதை எச்சரிக்கை எல்லையாகக் கொள்ளலாம். மண் ஆய்வுக் கூடங்களில் இச்சோதனையைச் செய்து பெறலாம்.

இடமும் காலமும்

தளம் வீட்டுச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி அமைகிறதோ அவ்வளவு நல்லது. தளத்தின் சரிவு வீட்டை நோக்கி இருந்தால் மழைநீர் வீட்டு அடித்தளத்தை அடையும். கரிசல் மண்ணில் இது சுவர் விரிசலில் கொண்டுபோய் விடும். அண்டை மனையை நோக்கி நீரைத் திருப்புவதும் அதே கேட்டை அவர்களுக்குச் செய்வதாகும். மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் தளத்தின் மீதோ அதன் ஓரத்திலோ விழக் கூடாது. கழிவுநீர்த் தொட்டியின் மேல் தளம் அமைப்பதையும் தவிர்க்க வேண்டும்.

மரங்களும் கணக்கில் கொள்ளத்தக்கவை. வேம்பு போன்ற பெரிய மரங்கள் கோடையில் வேர் பரவிய மண்ணை உறிஞ்சி உலர்த்தும். அப்பக்கம் மட்டும் தளம் தாழும். அதற்காக மரத்தை வெட்டினால், அதுவரை உலர்ந்திருந்த மண் மெல்ல ஈரம் பெற்று எழும்பும். ஆகவே மரத்தை விட்டுவிட்டுத் தளத்தைத் தள்ளி அமைப்பதே மேல்.

காலத் தேர்வு களிமண்ணில் மிக முக்கியமானது. மே மாதத்தில் வெடித்துக் கிடக்கும் மண்ணை அப்படியே மூடினால், பின்னர் ஈரம் ஏறும்போது அது தளத்தைத் தூக்கும். நவம்பரில் சேறாக இருக்கும் மண்ணில் உருளை இயந்திரமே ஓடாது. தென் மாவட்டங்களில் வடகிழக்குப் பருவமழை முடிந்து, மேல்மண் காய்ந்து, ஆழத்தில் ஈரம் எஞ்சியிருக்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் ஏற்றவை. கோடையில்தான் செய்ய முடியும் என்றால், வெட்டிய தரையில் சில நாட்கள் நீர் பாய்ச்சி, ஊறிய பின் ஓரளவு உலரவிட்டு வேலையைத் தொடர வேண்டும்.

அடித்தளம் அமைத்தல்

1. அகழ்தல். புல், வேர், மேல்மண் ஆகியவற்றை அகற்றி 15 முதல் 30 செ.மீ. வரை வெட்டுவது வழக்கம். முடிந்த தளம் சுற்றுத் தரையைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் சுற்றியுள்ள நீரெல்லாம் உள்ளே வரும். வெட்டிய களிமண்ணை மீண்டும் தளத்தின் அடியில் நிரப்பக் கூடாது.

2. மண்ணைப் பதப்படுத்துதல். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது சுண்ணாம்பு கலப்பது. நீற்றிய சுண்ணாம்பிலுள்ள கால்சியம், களி ஏடுகளில் ஒட்டியுள்ள சோடியம் போன்றவற்றின் இடத்தைப் பிடித்து ஏடுகளை இறுக்குகிறது. பின்னர் களியிலுள்ள சிலிக்கா, அலுமினாவுடன் மெல்லச் சேர்ந்து சிமெண்ட் போன்ற பிணைப்பை உண்டாக்குகிறது. மண்ணின் எடையில் 3 முதல் 8 விழுக்காடு வரை சுண்ணாம்பு தேவைப்படலாம். சரியான அளவைச் சோதனையால் அறிய வேண்டும். ஜிப்சம் போன்ற சல்பேட்டுகள் மிகுந்த மண்ணில் சுண்ணாம்பு கலந்தால் எட்ரிங்கைட் என்னும் சேர்மம் உருவாகி மண் மேலும் உப்பும். சில கரிசல் நிலங்களில் ஜிப்சம் இருப்பதால் இதைச் சோதிக்காமல் கலக்கக் கூடாது. சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் புண்ணாக்கும். கையுறை, கண்ணாடி, முகக்கவசம் இன்றி அதைக் கையாளக் கூடாது.

இரண்டாவது வழி, உப்பாத ஒட்டுமண்ணால் மூடுவது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஆர். கே. கட்டி இம்முறையை உருவாக்கினார். கரிசலின் மேல், சிறிது களித்தன்மை கொண்டும் உப்பாமலும் இருக்கும் சரளை மண்ணை இறுக்கிப் போட்டால் கீழ்மண்ணின் உப்புதல் அடங்கும். கால்வாய்ப் பணிகளில் இவ்வடுக்கு சுமார் 1 மீட்டர் கனத்தில் போடப்பட்டது. சிறு தளங்களில் அவ்வளவு கனம் போட முடியாவிட்டாலும், மணலைவிட நல்ல சரளை மண்ணே சிறந்தது என்ற பாடம் பொருந்தும்.

3. நீர்த்தடுப்பு. உப்பும் மண்ணில், சரிவாக இறுக்கிய தரையின் மேல் நீர் புகாத் தாளை விரிப்பது நன்று. பண்ணைக்குட்டைகளுக்கு விரிக்கும் தடித்த நெகிழித் தாளே இதற்கு ஏற்றது. ஜல்லி குத்திக் கிழிக்காதிருக்க அதன்மேல் புவித்துணி எனப்படும் நெய்யாத துணி விரிக்கப்படும். உப்பாத சாதாரணக் களி எனில் தாள் தேவையில்லை, புவித்துணி மட்டும் போதும். களி ஜல்லிக்குள் ஏறாமல் அது தடுக்கும்.

4. வடிகால். தளத்தின் தாழ்ந்த ஓரத்தில், துணி சுற்றிய 100 மி.மீ. துளைக்குழாய் பதிக்கப்படுகிறது. 10 மீட்டருக்கு 10 செ.மீ., அதாவது 1 விழுக்காடு சரிவு வேண்டும். குழாய் எங்கு போய் முடிகிறது என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். தெரு மழைநீர்க் கால்வாய், மனையின் தாழ்ந்த பகுதி, சேமிப்புத் தொட்டி ஆகியவற்றில் ஒன்று அதன் முடிவிடமாகலாம். களிமண்ணில் தோண்டிய சாதாரண உறிஞ்சுகுழி பயன் தராது. களி அடுக்கைத் தாண்டி, நீர் இறங்கும் சுக்கான் அல்லது சிதைந்த பாறை அடுக்கைத் தொடும் ஆழமான குழியே உதவும்.

5. கல்லடுக்கு. 15 முதல் 20 செ.மீ. வரை ஜல்லி போடப்படும். ஒரே முறையில் கொட்டி உருட்டினால் அடிப்பகுதி இறுகாது. 7 முதல் 10 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு ஒவ்வொன்றையும் உருளையால் இறுக்க வேண்டும். அதன்மேல் 2.5 முதல் 5 செ.மீ. வரை சன்ன ஜல்லி பரப்பி மட்டம் செய்ய வேண்டும். 3 மீட்டர் நேர்கோலை எங்கு வைத்தாலும் கால்பந்துத் தளத்தில் 10 மி.மீ.-க்கும், டென்னிஸ் தளத்தில் 6 மி.மீ.-க்கும் மேல் இடைவெளி தெரியாதிருப்பது நல்ல மட்டமாகும்.

6. ஓரக்கட்டு. விரிப்பைப் பிடித்துக்கொள்ள நாற்புறமும் ஓரக்கட்டு தேவை. மரச்சட்டத்தைக் கரையான் அரிக்கும். நீளமான ஒரே கான்கிரீட் கட்டு, மண் அசையும்போது கண்ட இடத்தில் உடையும். சில மீட்டருக்கு ஒருமுறை இணைப்பு விட்ட கான்கிரீட் கட்டு ஏற்றது. அதற்கு வெளியே சுமார் 1 மீட்டர் அகலத்துக்கு நீர் புகாத் தாளைச் சரிவாகப் புதைத்தோ நடைபாதை அமைத்தோ ஓரத்து மண்ணை மூடினால் முன்பு கூறிய விளிம்புப் பழுது பெரிதும் குறையும்.

ஒரு கணக்கு

20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட பேடல் தளத்தை எடுத்துக்கொள்ளலாம். பரப்பு 200 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் நீர் கிடைக்கும். ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. மழை பெய்தால் தளத்தின் மேல் விழும் நீர் 10,000 லிட்டர்.

களிமண் அந்த ஒரு மணியில் உறிஞ்சுவது அதிக அளவாக 5 மி.மீ., அதாவது 1,000 லிட்டர். மீதி 9,000 லிட்டர் எங்கே போகும்? 20 செ.மீ. கல்லடுக்கின் பருமன் 40 கன மீட்டர். அதில் இடைவெளி 35 விழுக்காடு எனக் கொண்டால் 14,000 லிட்டர் நீர் கல்லிடுக்குகளில் அடங்கும். ஆகவே மேலே ஒரு சொட்டு நீரும் நிற்காது. தளம் நன்றாக வேலை செய்வதாகவே தோன்றும். ஆனால் வடிகால் குழாய் இல்லையெனில் அந்த 9,000 லிட்டரும் அடுத்த ஒன்றிரண்டு நாட்களில் களிமண்ணுக்குள்தான் இறங்கும். தளம் உலர்ந்து தெரிவதும் அடிமண் உலர்ந்திருப்பதும் வேறுவேறு என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

பொருள் அளவையும் இதிலிருந்தே பெறலாம். இறுகிய நிலையில் 40 கன மீட்டர் கல்லடுக்குக்கு, உதிரியாகச் சுமார் 50 கன மீட்டர் ஜல்லி வாங்க வேண்டும். 100 கன அடி கொண்ட ஒரு யூனிட் என்பது 2.83 கன மீட்டர். எனவே ஏறத்தாழ 18 யூனிட் தேவை. 15 செ.மீ. ஆழத்துக்குச் சுண்ணாம்பு கலப்பதாயின் மண்ணின் பருமன் 30 கன மீட்டர். அதன் எடை சுமார் 45 டன். 4 விழுக்காடு கலந்தால் 1.8 டன் சுண்ணாம்பு வேண்டும். விலைப்பட்டியலில் இவ்வளவுகள் இல்லையெனில், அடித்தளம் சுருக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

புல் விரித்தல்

அடித்தளம் முடிந்ததும் உடனே விரிக்காமல், ஒரு நல்ல மழை வரையோ, அல்லது குழாயால் தாராளமாக நீர் பாய்ச்சிப் பார்க்கும் வரையோ காத்திருப்பது நன்று. வடிகாலின் வாயில் நீர் வருகிறதா, எங்கேனும் பள்ளம் விழுகிறதா என்பது அப்போது தெரியும். விரிப்பு ஒட்டப்பட்ட பின் இதே பழுதைச் சரிசெய்வதற்குப் பல மடங்கு செலவாகும்.

விரிப்பின் இழை உயரம் விளையாட்டைப் பொறுத்தது. கிரிக்கெட் ஆடுகளத்துக்கு 9 முதல் 12 மி.மீ., பேடலுக்கு 10 முதல் 13 மி.மீ., மணல் நிரப்பிய டென்னிஸ் தளத்துக்கு 15 முதல் 20 மி.மீ., கால்பந்துக்கு 40 முதல் 60 மி.மீ. வரை வழக்கம். கூடைப்பந்துக்குப் புல் விரிப்பு ஏற்றதன்று, பந்து போதுமான அளவு எழும்பாது.

சுருளைப் பிரித்துச் சில மணி நேரம் வெயிலில் கிடத்தினால் மடிப்புகள் நீங்கும். எல்லாத் துண்டுகளின் இழைகளும் ஒரே திசையில் சாய்ந்திருக்க வேண்டும். இணைப்புகளின் அடியில் பட்டை வைத்து, பாலியூரித்தேன் பசையால் ஒட்ட வேண்டும். ஈரத் தரையில் பசை சரியாகப் பிடிக்காது. ஒட்டிய பின் மணலைப் பல தவணைகளாகப் பரப்பி, இழைகளுக்கிடையே துடைப்பத்தால் தள்ள வேண்டும். உருண்டை வடிவச் சிலிக்கா மணலே இதற்கு உரியது. எம்-சாண்டின் கூர்முனைகள் இழைகளை அறுக்கும். கடல் மணலின் உப்பு இரும்புக் கம்பங்களை அரிக்கும்.

கம்பங்கள்

வலைக் கம்பங்களும் விளக்குக் கம்பங்களும் தளத்தின் அடுக்கோடு இணைக்கப்படாமல் தனி அடித்தளத்தில் நிற்க வேண்டும். வலை காற்றைப் பிடிப்பதால் கம்பத்தின் மீது பெரும் இழுவை விழும். கரிசலில் ஆழமற்ற கம்பக்குழி பருவந்தோறும் அசையும். அடிப்பகுதி குமிழ் போல அகன்ற குத்துத்தூண் இதற்குத் தீர்வு. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இவ்வகைத் தூணை இந்தியாவில் வளர்த்தெடுத்தது. ஆழமான கரிசலில் இத்தூண்கள் குறைந்தது 3.5 மீட்டர் ஆழம் செல்ல வேண்டும் என்பது இந்தியத் தர விதி. பருவ ஈர மாற்றம் பெரிதும் எட்டாத ஆழத்தில் தூணின் அடி அமைவதே இதன் காரணம்.

கான்கிரீட் தளத்தின் மேல் விரித்தல்

குட்டை இழை விரிப்புகளைக் கான்கிரீட் தளத்தின் மேலும் விரிக்கலாம். நீர் அடியில் இறங்காமல் மேற்பரப்பின் சரிவில் வழிந்தோடுவது இதன் நன்மை. ஆனால் 10 செ.மீ. கனமுள்ள கம்பியில்லாக் கான்கிரீட் கரிசலில் விரைவில் வெடிக்கும். கம்பி கட்டி, இணைப்பு விட்டு, உப்பாத மண் அடுக்கின் மேல் போட வேண்டும். டெக்சாஸில், கான்கிரீட்டினுள் எஃகு வடங்களை இழுத்து இறுக்கும் முறையும் கையாளப்படுகிறது. கான்கிரீட்டின் மேல் விழுந்தால் அடி பலமாகப் படும் என்பதால், சிறுவர் ஆடும் தளத்தில் விரிப்பின் கீழ் அதிர்வு தாங்கும் நுரைப்பட்டை வைக்கப்படும்.

வெப்பமும் சூழலும்

செயற்கைப் புல் கடும் வெயிலில் 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகும். வெறுங்காலோடு நடக்கும் சிறுவருக்குத் தோல் வெந்துபோகும் அபாயம் உண்டு. நீர் தெளித்தால் வெப்பம் சிறிது நேரமே தணியும். கோடையில் நடுப்பகல் ஆட்டத்தைத் தவிர்ப்பதே தீர்வு. தளம் அமைக்குமுன் அதன் நிழல் நேரத்தைக் கவனித்து வைப்பதும் நன்று.

கால்பந்து விரிப்புகளில் நிரப்பப்படும் ரப்பர் துகள்கள் மழையில் அடித்துச் செல்லப்பட்டு நீர்நிலைகளில் நுண்நெகிழியாகச் சேர்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த விதியின்படி, அங்கு இத்தகைய நிரப்புத் துகள்களின் விற்பனை 2031 அக்டோபருக்குப் பின் தடை செய்யப்படும். வீட்டுத் தளங்களுக்கு மணல், தக்கை, தென்னை நார் ஆகிய நிரப்பிகள் போதும். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். தளத்திலிருந்து வரும் நீரைச் சேகரிப்புத் தொட்டியில் விடுவதாயின், நடுவில் வடிகட்டும் குழி அமைக்க வேண்டும். ரப்பர் நிரப்பிய தளத்தின் நீரைக் குடிநீர்க் கிணற்றில் சேர்க்கக் கூடாது. பழைய விரிப்பு மட்காது. எரித்தால் நச்சுப்புகை எழும்.

பராமரிப்பு

வாரம் ஒருமுறை இழைகளின் சாய்வுக்கு எதிராகப் பெருக்க வேண்டும். உதிர்ந்த இலைகள் மக்கி இழைகளின் இடையே மண்ணாகிவிட்டால் நீர் இறங்காது. பருவமழைக்கு முன்பும் பின்பும் வடிகால் குழாயின் வாயைத் துப்புரவு செய்ய வேண்டும். கோடையில் தளத்தைச் சுற்றி ஒரு விரல் அளவு வெடிப்பு தோன்றினால், அதில் மணலைக் கொட்டி அடைக்கக் கூடாது. மழை வந்ததும் மண் விரிய இடமின்றித் தளத்தை நெருக்கும். ஓரத்து மண்ணுக்கு அவ்வப்போது சிறிது நீர் விட்டு வெடிப்பு பெரிதாகாமல் காப்பதே உரிய முறை. நன்கு அமைத்துப் பராமரிக்கப்படும் விரிப்பு பொதுவாக 8 முதல் 10 ஆண்டுகள் உழைக்கும். அடித்தளம் அதைவிட நெடுங்காலம் நிற்கக்கூடியது. எனவே அடுத்தமுறை விரிப்பை மட்டும் மாற்றினால் போதும்.

மாற்று வழிகள்

எல்லாக் கொல்லைக்கும் செயற்கைப் புல் தேவை என்றில்லை. நீர் வெளியேற வழியே இல்லாத தாழ்ந்த மனையிலும், வீட்டுச் சுவர்களில் ஏற்கெனவே விரிசல் உள்ள இடத்திலும் இதைத் தவிர்ப்பதே அறிவுடைமை. கபடி, கைப்பந்து, பூப்பந்து முதலியவற்றுக்குச் சரளை அல்லது செம்மண் பரப்பி உருட்டிய தரையே போதும். அது மழைக்குப்பின் சற்று மேடுபள்ளமானாலும் ஒரு மண்வெட்டியும் உருளையும் கொண்டு வீட்டாரே சரிசெய்துகொள்ளலாம். கிரிக்கெட் பயிற்சி மட்டுமே நோக்கமாயின், கொல்லை முழுவதையும் மூடாமல் 20.12 மீட்டர் நீளமும் 3.05 மீட்டர் அகலமும் கொண்ட ஆடுகளப் பட்டையை மட்டும் அமைக்கலாம். பரப்பு குறைவதால், அதே செலவில் அடித்தளத்தை முறையாகப் போட முடியும்.